கூட்டம் நடக்காமல் கையெழுத்து இல்லை

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்து மலம் கேட்டார்.

சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே நகரசபையில் ஓர் இலாகா இருக்கிறது. கோட்டும் டையுமாக வருகிறார்கள். கையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள், மூடியோடு சேர்ந்தாற்போல ஒரு குட்டிக் கரண்டி. எடுத்து, அடைத்து, பெயர் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் வளர்ந்தவள் நான். எத்தனையோ பேருக்கு என்னென்னவோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இது மட்டும் புதிது.

விஷயம் இதுதான். கோடை விடுமுறையில் மகளோடு ஊருக்கு வந்து போனேன். இங்கே திரும்பிய வாரமே வயிறு கெட்டுவிட்டது. டாக்டரிடம் போய் ‘லூஸ் மோஷன்’ என்றேன். நம் ஊரில் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர்கூடச் சொல்லும் இங்கிலீஷ். இங்கிலீஷ்காரருக்குப் புரியவில்லை. “எது லூஸாக இருக்கிறது?” என்று கேட்டார். கையைக் காலை ஆட்டி விளக்கினேன். புரிந்ததும் என் வேலை என்ன என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன் என்றேன். உடனே போனை எடுத்துவிட்டார்.

குடலில் கிருமி இருப்பவர் அடுத்தவர் சாப்பாட்டைத் தொடக்கூடாது. கிருமி போய்விட்டது என்று பரிசோதனை சொல்லும்வரை வேலைக்குப் போகக்கூடாது. சட்டம் சரிதான், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் சண்டையெல்லாம் அந்த அதிகாரி கேட்ட கேள்விகளோடுதான்.

ஊரில் குழாய் உண்டா, கக்கூஸ் உண்டா, கொதிக்கவைத்துக் குடிப்பார்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை மேசையில் வைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். “இதையெல்லாம் கவனிக்க, எங்களுக்கு இருப்பதுபோல, கவுன்சில் மாதிரி ஏதாவது உங்கள் ஊரில் இருக்கிறதா?”

“ஆயிரம் வருஷமாக இருக்கிறது” என்றேன்.

அவர் புன்னகைத்தார். குடவோலை, கல்வெட்டு என்று நான் என்னென்னவோ சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே குப்பிகளை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் நமக்குத் தெரியாதா? சொந்த நிலம் இருக்கவேண்டும், வேதம் தெரிந்திருக்கவேண்டும், அப்படிப்பட்டவர்தான் சபையில் உட்காரலாம். என் அம்மாவுக்கு நிலமும் கிடையாது, வேதமும் தெரியாது. பஸ் நிலையத்தில் இட்லி விற்றாள். அவளைச் சொல்லாமல் கல்லைச் சொல்லிவிட்டேனே என்று வயிற்று வலியோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

2

என் மகள் கவிதா நான் வேலை பார்க்கும் பள்ளியில்தான் படிக்கிறாள். பதின்மூன்று வயது. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் இடம் இரண்டு. ஒன்றில் நான் நிற்பேன், இன்னொன்றில் டோரீன் என்ற பெண் நிற்பாள். என் மகள் டோரீனிடம்தான் வாங்கிச் சாப்பிடுவாள். இரண்டிலும் அதே மசித்த உருளைக்கிழங்குதான், அதே பட்டாணிதான். ஆனாலும் அந்த வரிசையில்தான் நிற்பாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் என்னிடம் ஒரு சொல் தமிழில் பேசமாட்டாள். நானும் அவள் மானத்தைக் காப்பாற்றித் தொலைப்போம் என்று அங்கே குரலை அடக்கியே வைத்திருந்தேன்.

அதிகாரி வந்துபோன மறுநாள் பையை எறிந்துவிட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

“எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உனக்குக் காலராவாம்.”

“காலரா இல்லை. வேறு ஏதோ கிருமி. சாதாரணம்.”

“அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். நாம் ஏன் அங்கே போனோம்? அங்கே யாரும் எதையும் பார்த்துக்கொள்வதில்லை. எது வந்தாலும் எல்லோரும் சும்மா உட்கார்ந்து செத்துப்போகிறார்கள்.”

அவள் அப்பா, எக்ஸ்ரே பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனிதர், “விடு, சின்னப்பெண்” என்றார். நான் விடவில்லை. உட்காரவைத்து அவள் ஆயா, அதாவது என் அம்மாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே தொலைக்காட்சியைப் போட்டுவிட்டாள்.

அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே இது அவளுக்காக எழுதுவதல்ல. உங்களுக்காக எழுதுகிறேன். இந்த முறை ஊருக்கு வந்தபோது கல்வெட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய உங்களில் ஒருவருக்குக்கூட அந்தக் காலரா வருஷத்துக் கூட்டம் நினைவில்லை. பார்த்தீர்களா, எனக்கு உங்கள் மேலும் கோபம்தான்.

3

எழுபதுகளின் தொடக்கம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அம்மாவோடு கடையில் நின்றேன். நைனா லாரி விபத்தில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு. காலையில் இட்லி, பத்து மணிக்கு மேல் போண்டா. எங்கள் வீட்டில் அரிசி வேகிறதா இல்லையா என்பதை அந்த ஒரு கடைதான் தீர்மானிக்கும்.

அம்மா பெயர் தனம். டவுன் பஞ்சாயத்தில் உறுப்பினர். தேர்தலில் பெண் யாரும் ஜெயித்து வராவிட்டால் ஒரு பெண்ணை அவர்களே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது விதி. அடக்கமான, கேள்வி கேட்காத, கணவன் இல்லாத பெண்ணாகத் தேடிப் பிடித்தார்கள். கடைசி இரண்டும் சரியாக அமைந்துவிட்டதாக நினைத்தார்கள்.

கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? நடக்காது. ஆபீஸ் ஊழியர் துலுக்காணம், தீர்மானங்களை எழுதிய புத்தகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். ஒருவர் வயல் வரப்பில் நின்று கையெழுத்துப் போடுவார், ஒருவர் முகச்சவரத்துக்கு நடுவே போடுவார். அம்மா இட்லித் தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போடுவாள். கடைசியாகக் காலனி உறுப்பினர் சாமுவேல். அவர் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் வாசலுக்கு வரச்சொல்லி, வெளியே நிற்கவைத்தே வாங்கிக்கொள்வார்கள். இப்படியாகச் சபை கூடி, விவாதித்து, ஏகமனதாக நிறைவேற்றும். தலைவர் ரைஸ் மில் வைத்திருந்தவர். மோசமானவர் அல்ல. சுதந்திர தினத்தில் கல்வெட்டைப் பற்றி அவர் பேசினால் எனக்கே புல்லரிக்கும்.

4

அந்த வருஷம் முதல் மழை விழுந்து ஏரிக்குப் புது வெள்ளம் வந்த கையோடு காலனியில் வாந்திபேதி ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கண் உள்ளே போய், விரல் சுருங்கிக் கிடந்தார். வண்டி கட்டிக் காஞ்சிபுரம் கொண்டுபோவதற்குள் சிலர் வழியிலேயே போய்விட்டார்கள். பிறகு தெருக்களுக்கும் வந்தது. பஸ்ஸை நிறுத்தி ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். தமுக்கு அடித்துக்கொண்டு ஆள் போனார். உறுப்பினர்களில் வசதியானவர்கள் குடும்பத்தோடு வாலாஜாபாத்துக்கும் பட்டணத்துக்கும் உறவினர் வீடு தேடிப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் துலுக்காணம் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

“அக்கா, ஒரு கையெயுத்து. சீக்கிரம். நகல் இன்னிக்கே மேல போவணுமாம், போனாத்தான் இன்னும் ஊசி மருந்து வருமாம்.”

அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அன்று முழுக்கப் படித்தாள். நோய் தணியும்வரை சாலையோர நாஷ்டா கடைகள் அனைத்தையும் மூடுவது. லைசென்ஸ் பெற்ற ஓட்டல் மட்டும் நடக்கலாம். ஊரில் லைசென்ஸ் பெற்ற ஓட்டல் ஒன்றே ஒன்றுதான். பஸ் நிலையத்துக்கு எதிரே, துணைத்தலைவர் பரந்தாமனுடையது.

“இந்தக் கூட்டம் எப்ப நடந்திச்சி?”

“நடந்த மாதிரிதாங்கா. வயக்கமா நடக்கறாப்பல.”

“வயக்கமா நடக்கவே நடக்காதேய்யா.”

“அத்தத்தான் நானும் சொல்றேன்.”

அம்மா புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள். “ஊர்ல பேதி கீது, நான் இட்லி வித்துக்கினா இருப்பேன்? மூடுன்னா மூடறேன். ஆனா கூட்டம் போடச் சொல்லு. நான் வந்து குந்திக்கினு என் வாயால சொல்றேன். அப்பால கையெயுத்து போடறேன்.”

துலுக்காணத்துக்கு வியர்த்துவிட்டது. காரணம் இருந்தது. பாதிப்பேர் ஊரில் இல்லை. இருப்பவர்களில் ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் தீர்மானம் செல்லாது. கேள்வி கேட்கமாட்டாள் என்று சேர்த்துக்கொண்ட பெண்ணின் கையில் சபை வந்து மாட்டிக்கொண்டது.

சற்று நேரத்தில் தலைவரே வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை, மூக்கில் துண்டு.

“இன்னா தனம், ஊரே பேஜாரா கெடக்குது. இப்பப் போயி சட்டம் பேசிக்கினு கீறியே. இது அவசரம்மா.”

“அவசரம்னாதான் தலைவரே கூட்டம். ஒண்ணியும் இல்லாதப்ப எதுக்குக் கூட்டம்?”

“கூட்டம் கூடக்கூடாதுன்னு தமுக்கு அடிச்சிக்கினு கீறோம்.”

“அது சந்தைக்கும் கூத்துக்கும். எட்டுப் பேரு எட்ட எட்டக் குந்தினா பேதியா வந்துடும்? வரும்னா சொல்லுங்க, மொதல்ல நான் வாந்தியெடுக்கறேன்.”

 கடை போட்டிருக்கும் இடம் பஞ்சாயத்துக்குச் சொந்தம். நாளைக்குக் காலி செய் என்றால் எங்கே போவது? தலைவர் போனதும் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். “போனா போவட்டும்” என்றாள். “என் கையெயுத்த வாங்கிக்கினு என் அடுப்ப அணைச்சிட்டு, எதிர்ல அவன் அடுப்ப ஊதிக்கினு இருப்பானா? பாத்துடறேன்.”

இதுதான் அம்மாவின் முதல் காரணம். ஊர் நலம், ஜனநாயகம் எல்லாம் பிறகு வந்தவை. ஆத்திரம்தான் முதலில் வந்தது. அதை மறைத்து அவளைச் சிலையாக்க எனக்கு இஷ்டமில்லை.

5

மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் கூட்டம் நடந்தது. நிஜமான கூட்டம். உள்ளே உட்கார முடியாது, அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், கண் எரிந்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே நாங்கள் கொஞ்சம் பேர் நின்று பார்த்தோம்.

அம்மாவுக்கு நாற்காலி இல்லை. பெண் உறுப்பினர் நேரில் வருவாள் என்று யாரும் நினைத்ததே இல்லை. துலுக்காணம் எங்கேயோ ஓடிப்போய்த் தேடினார். அம்மா அதற்குள் வராந்தாவில் கிடந்த ஒரு பவுடர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சாமுவேல் வழக்கம்போலப் படிக்குக் கீழே நின்றார். உழைத்து இறுகிய மனிதர், வார்த்தைகளை எண்ணித்தான் பேசுவார்.

“சாமுவேலு, இன்னும் ஒரு மூட்டை கீது. வந்து குந்து” என்றாள் அம்மா.

  அவர் படியேறி வந்து உட்கார்ந்தார். பரந்தாமன் தலைவரைப் பார்த்தார், தலைவர் புத்தகத்தைப் பார்த்தார்.

தீர்மானத்தை வாசித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று தலைவர் சம்பிரதாயமாகக் கேட்டார். அம்மா வாயைத் திறக்குமுன் சாமுவேல் பேசினார்.

“எனக்கு ஒண்ணு சொல்லணும். ஓட்டல்ல எல கய்வுற தண்ணி, பின்னால இருக்கற கக்கூஸ் தண்ணி, அல்லாம் காவாயில எறங்கி எங்க கெணத்தாண்டதான் வந்து நிக்குது. மய பேஞ்சா கெணத்துக்குள்ளயே பூடுது. ரெண்டு வருசமா மனு குடுத்துக்கினு கீறேன். கூட்டத்துல சொல்லுன்னாங்க. கூட்டமே இல்லியே, எங்க போயி சொல்லட்டும்? வாசல்ல நிக்கவெச்சி கையெயுத்து வாங்கறீங்களே, அப்ப சொன்னா யாரு காதுல வாங்கனீங்க? இப்ப எங்கள்ல சாவு விய்ந்துக்கினே கீது.”

அவர் குரலை உயர்த்தவில்லை.  அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் வந்தது பரந்தாமனோடு மல்லுக்கட்ட. இது அவளுக்கும் அன்றுதான் தெரியும். பக்கத்தில்தான் கடை, பார்த்த சாக்கடைதான், அது எங்கே போகிறது என்று அவளும் யோசித்ததில்லை.

பரந்தாமன் எழுந்துவிட்டார். “அந்தக் காவாய் எங்கப்பா காலத்துலேர்ந்து கீது. இவ்ளோ பேசறியே தனம், உன் கட மட்டும் இன்னா சுத்தம்? மொதல்ல அத்த மூடு, அப்பால பேசு.”

“எங்கடைக்கு ஏதுய்யா கதவு மூடறதுக்கு? காலைல அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சிட்டுத்தான் இங்க வந்தேன். போயி தொட்டுப் பாரு. இப்ப உன்னுத அணை.”

வெளியே யாரோ விசிலடித்தார்கள். அதோடு பரந்தாமனுக்குப் பிடி நழுவிவிட்டது. அம்மாவைப் பணியவைக்க அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் எங்கள் அடுப்புதான். அதை அவள் தானே அணைத்துவிட்டு வந்திருந்தாள்.

தலைவர் பழைய தீர்மானத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். ஊரில் எல்லாச் சாப்பாட்டுக் கடையும் மூட வேண்டும், ஓட்டல் உட்பட. ஓட்டல் சாக்கடையை அடைக்க வேண்டும். காலனிக் கிணற்றை இறைத்து மருந்து போட வேண்டும், அதுவரை பெரிய தெரு கைப்பம்பில் காலனிக்காரர்கள் தண்ணீர் பிடிக்கலாம் என்று அம்மா சேர்க்கச் சொன்னாள். அதற்கு மட்டும் தலைவர் மசியவில்லை. தண்ணீர் காலனிக்கு மாட்டு வண்டியில் போகும் என்று எழுதினார்கள். அதுதான் எங்கள் ஊர். சாமுவேல் “வண்டி தெனம் வரணும், காலைலயே வரணும்னு எய்துங்க” என்றார். எழுதினார்கள். அதன் பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

எழுந்தபோது அவள் புடவையில் பின்பக்கம் பெரிய திட்டாகச் சாயம் வெளுத்திருந்தது. அதே புடவையோடு கடைத்தெரு வழியாக நிமிர்ந்து நடந்து வந்தாள்.

6

வண்டி தினமும் போனது. சுகாதார ஆய்வாளர் நேரில் நின்று ஓட்டல் அடுப்பை அணைக்கவைத்தார். நோய் மெல்ல இறங்கியது. நாங்கள் அந்த நாட்களில் கேழ்வரகுக் கூழில் காலம் தள்ளினோம். மானாம்பதிப் பக்கம் நடவுக்கு ஆள் கேட்டபோது அம்மாவும் நானும் போனோம்.

கடைகளைத் திறக்கலாம் என்று தமுக்கு அடித்தார்கள். விடிகாலையில் அடுப்பு மூட்டி முதல் ஈடு இறக்கிவைத்தோம். ஒருவரும் வரவில்லை. எதிரே ஓட்டலில் பழையபடி கூட்டம் நெரிந்தது. இரண்டு நாள் இட்லியை மாட்டுக்குப் போட்டோம். மூன்றாம் நாள்தான் பூ விற்கிற பெண் சொன்னாள். “தப்பா நெனச்சிக்காத தனம். காலரா உன் கடேலதான் மொதல்ல வந்திச்சாம். இல்லன்னா நீ ஏன் மொதல்ல மூடுவேன்னு பேசிக்கினு கீறாங்க.”

இந்தக் கணக்கை வேறு எந்த ஊரும் போட்டிருக்காது. தானாக மூடியவள் குற்றவாளி, போலீஸ் மாதிரி ஆள் வந்து நின்ற பிறகு மூடியவர் பாவம், யோக்கியர். எனக்கு அழுகையாக வந்தது. இடத்தை மாற்றலாம், வந்தவாசி ரோட்டுப் பக்கம் போய்விடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

“நான் இன்னா திருடிட்டா ஓடறேன்?” என்றாள் அம்மா.

அதுவரை எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அம்மா ஒரு பழைய தகரத்தை வாங்கிவந்து, நீல வண்ணமும் தூரிகையும் என் கையில் கொடுத்தாள். அவள் சொல்லச்சொல்ல எழுதினேன். ‘காலராவுக்கு முதலில் மூடிய கடை.’ எழுதும்போது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னோடு படித்த பெண்களெல்லாம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் பஸ் ஏறுவார்கள். “யம்மா, காலராங்கற பேர சாப்பாட்டுக் கடேல எவளாவது எய்துவாளா?” என்று கெஞ்சினேன். “அவனுங்க சொல்றதத்தான் நான் எய்தி மாட்டறேன். அப்பால எவன் சொல்லுவான்?” என்று ஆணி அடித்துவிட்டாள்.

முதலில் வந்தவர் சாமுவேல். வந்து முன்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை காலனிக்காரர்களுக்கு எங்கள் கடையிலும் பக்கவாட்டில் நிற்கவைத்துத்தான் இலை. அம்மா ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தை நான் மறைக்கமாட்டேன். பிறகு அவர் முன்னால் இலையைப் போட்டாள். அதைப் பார்த்து, வரலாமா என்று பலகைக்கு முன்னால் தயங்கி நின்ற ஒன்றிரண்டு தெருக்காரர்களும் திரும்பிப் போனார்கள். ஆனால் பலகையைப் படித்துச் சிரித்துக்கொண்டே பஸ் டிரைவர்கள் வந்தார்கள், கண்டக்டர்கள் வந்தார்கள். “முதல்ல மூடின கடையில நாலு இட்லி” என்று சத்தம் போட்டுக் கேட்பார்கள். கடை பிழைத்துக்கொண்டது.

பின்னால் பஞ்சாயத்துகளையெல்லாம் கலைத்தார்கள், அம்மாவின் பதவியும் போனது. நானும் கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்துவிட்டேன். அம்மா இப்போது இல்லை.

7

பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, வேலைக்குப் போகலாம் என்று கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை ஏப்ரனும் தொப்பியுமாகப் போனேன். மேற்பார்வையாளர் நல்ல பெண்மணி. தோளைத் தொட்டு, “கொஞ்ச நாள் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் இரேன். உனக்கும் அதுதான் நிம்மதி” என்றார்.

“கவுன்சில் அப்படிச் சொல்லியிருக்கிறதா?”

“இல்லை. சில பெற்றோர்கள் பேசிக்கொள்கிறார்கள்.”

“பேசிக்கொள்கிறவர்கள் ஒரு கூட்டம் போடட்டும். நான் வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறேன். அதுவரை என் இடம் இதுதான்.”

என் இங்கிலீஷ் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். நான் போய் என் இடத்தில் நின்றேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். டோரீன் முன்னால் வரிசை கதவுவரை நீண்டது. என் முன்னால் ஒருவர்கூட இல்லை. உருளைக்கிழங்கின்மேல் ஆடை படிய ஆரம்பித்தது. டோரீன் என்னைப் பார்த்துவிட்டுப் பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நீண்ட வரிசையின் நடுவில், தரையைப் பார்த்தபடி, தோழிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு என் மகள் நின்றாள்.

 பின்பக்கம் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. அடுத்த நிமிஷம் எங்கிருந்து வந்ததோ, பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும் ஒரு குரல் என் தொண்டையிலிருந்து வந்தது.

“ஏ கவிதா! இன்னாடி அங்க நிக்கற? இங்க எடம் காலியா கீது, தட்ட எடுத்துக்கினு வா!”

 அத்தனை தலையும் திரும்பியது. அவள் காது மடல்கள் செக்கச் சிவந்துவிட்டன. வரமாட்டாள் என்றே நினைத்தேன். தோழியிடம் எதையோ முணுமுணுத்துவிட்டு, வரிசையிலிருந்து விலகி, அந்தப் பெரிய கூடத்தைத் தனியாகக் கடந்து வந்து தட்டை நீட்டினாள்.

“கத்தாதம்மா. வந்துட்டேன்ல.”

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் பேசி நான் கேட்ட முதல் தமிழ் அதுதான். தட்டு நிறையப் போட்டேன்.